அப்பாவின் வலது கை விரல்கள் பிரிய மறுக்கின்றன: பக்கவாதத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தை மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆரம்பத்தில் கை தளர்ந்து கிடந்தது, தூக்கிவிட்டால் அப்படியே விழும். இப்போது நேர்மாறு. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. மணிக்கட்டு கீழே வளைந்து, கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொள்கின்றன. நகம் பதிந்து உள்ளங்கைத் தோல் வெளுத்து ஊறியிருக்கிறது, வாடையும் அடிக்கிறது. கழுவலாம் என்று விரலைப் பிரிக்கப் போனால் இன்னும் கெட்டியாக மூடிக்கொள்கிறது, அவருக்கு வலி தாங்கவில்லை.

இறுக்கம் குறைய பாக்லோஃபென் 10 மில்லிகிராம் மூன்று வேளை, ராத்திரி டிசானிடின் 2 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து பகலிலும் தூங்கி வழிகிறார். நிறுத்திப் பார்க்கலாமா? பக்கத்து வீட்டு மாமா பந்து வாங்கிக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார். சித்தியோ புறா ரத்தம் தேய்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார். இதற்கு நடுவில் இந்த வாரம் இறுக்கம் திடீரென்று ஏறிவிட்டது. உட்கார வைத்துக் காலைத் தரையில் ஊன்றினால் குதிகால் படபடவென்று ஆடுகிறது. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஓ.டி. வாசி:
கடலூர் ஓல்டு டவுனிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே தங்கச்சி. தொங்கிய கையில் முறுக்கு ஏறினால் பலம் திரும்புகிறது என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குப் புறா ரத்தம் தேய்த்து, நன்றாக அழுத்தி உருவிவிட்ட பிறகுதான் கை வந்தது. நான் கண்ணால் பார்த்தது. ஆள் வேண்டுமானால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

லாஸ்பேட்டை பிசியோ:
சகோதரி, முதலில் மாத்திரை. பாக்லோஃபெனை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்குக் காய்ச்சல், வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது வரை போகும். தூக்கம் அதிகம் என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார் அல்லது வேளையை மாற்றுவார். அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சிறுநீரகம் மந்தமாக இருந்தால் சாதாரண அளவே உடம்பில் தேங்கி ஆளை மயக்கிப் போட்டுவிடும். இதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்து, அண்ணன் சொன்ன முறுக்கு. அது பலம் இல்லை. தன்னை யாராவது இழுத்தால் உடனே சுருங்கிக்கொள்கிற அனிச்சைச் செயல் எல்லோருடைய தசையிலும் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. பக்கவாதத்தில் அந்தப் பாதை அறுபடுகிறது, அனிச்சை கட்டுக்கடங்காமல் போகிறது. வேகமாக இழுக்க இழுக்க எதிர்ப்பும் கூடும் என்பதுதான் இதன் அடையாளம். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் கொடுத்த வரையறையும் இந்த வேகத்தை வைத்துத்தான். முரண்டு பிடிக்கிற மாட்டைச் சுண்டி இழுத்தால் காலை ஊன்றிக்கொள்ளும், கயிற்றைத் தளர்த்திப் பிடித்தால் தானே நடக்கும். தசையும் அப்படித்தான். இறுகிய தசைக்கு உள்ளே பலவீனமும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக வேலை பார்க்க வேண்டும்.

இப்போது கையைத் திறப்பது. விரல் நுனியைப் பிடித்துப் பிரிக்காதீர்கள். அப்பாவைச் சாய்ந்து உட்கார வைத்து, முழங்கைக்குக் கீழே தலையணை கொடுங்கள். அவர் மூச்சு சீராகும் வரை கையைச் சும்மா தாங்கிப் பிடித்திருங்கள். பிறகு, ஏற்கெனவே வளைந்திருக்கிற மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக இன்னும் கொஞ்சம் மெல்ல மடக்குங்கள். விபரீதமாகத் தோன்றும். ஆனால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தளரும், விரல் லேசாக விடும். அந்த நேரத்தில் கட்டைவிரலை அதன் அடியில், சதைப் பற்றான இடத்தில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். கட்டைவிரல் வெளியே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்ற விரல்களைக் கணுவிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக நீவி விரித்து, எல்லாம் திறந்த பிறகே மணிக்கட்டை நிமிர்த்த வேண்டும். நடுவில் இழுத்துக்கொண்டால் சண்டை போடாதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள், தானாக விடும்.

திறந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டி ராவிவிடுங்கள். கைக்குட்டையைச் சுருட்டி உள்ளங்கையில் வைக்கலாம். தோல் உரிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பந்து வேண்டாம். மூடுகிற தசைதான் ஏற்கெனவே ஓயாமல் மூடிக்கொண்டிருக்கிறதே, அதற்கே மறுபடியும் வேலை கொடுப்பதில் பலன் இல்லை. அவருக்கு வேண்டியது திறக்கிற பக்கத்துக்கான பயிற்சி.

இந்த வாரம் திடீரென்று ஏறியது என்றீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. சிறுநீர் எப்படிப் போகிறது? மலம் ஒழுங்காகப் போகிறதா?

பாகூர் சக்கரம்:
பிசியோ மேடம் கேட்டதையேதான் நானும் கேட்க வந்தேன். எனக்குப் பக்கவாதம் இல்லை. பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவன், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் கால் இரண்டும் இதே மாதிரி விறைக்கும், தானாக உதைக்கும். சக்கர நாற்காலியில் இத்தனை வருடம் ஓட்டியதில் தெரிந்துகொண்டது: உடம்புக்குள் ஏதாவது உறுத்தினால் இறுக்கம் ஏறும். வலி தெரியாத எங்களுக்கு அந்த விறைப்புதான் சொல்லி அனுப்பும். மூத்திரப்பை நிறைந்திருக்கும், மூத்திர டியூப் அடைத்திருக்கும், நாலு நாளாக வெளிக்குப் போகாமல் இருக்கும், இடுப்பில் படுக்கைப்புண் ஆரம்பித்திருக்கும். ஒரு தடவை கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தது, அதற்கே ராத்திரியெல்லாம் கால் உதைத்தது. செருப்பு வார் இறுக்கம், கால்சட்டை மடிப்பு, குளிர், எதுவும் காரணமாகலாம். அக்கா, அப்பாவை ஒரு தடவை தலை முதல் கால் வரை துணி விலக்கிப் பாருங்கள்.

முதுகுத்தண்டு மேல்பக்கம், அதாவது மார்பின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: விறைப்போடு தலைவலி மண்டையைப் பிளந்து, முகம் வியர்த்து, பிரஷர் எகிறினால் நிமிர்ந்து உட்கார்ந்து டியூபைப் பாருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உயிருக்கே ஆபத்து.

மஞ்சக்குப்பம் மகள்:
எல்லோருக்கும் நன்றி. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தேன் மேடம். கொஞ்சம் பொறுத்திருந்ததும் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது, அப்பா முகம் சுளிக்கவே இல்லை. உள்ளங்கையை முழுசாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

நீங்கள் இருவரும் கேட்டது சரிதான். சிறுநீர் கலங்கலாகப் போகிறது, போகும்போது எரிச்சல் என்று சைகையில் காட்டுகிறார். தெருமுனை மெடிக்கலில் சிப்ரோ வாங்கிக் கொடுத்தால் போதுமா? முன்பு அம்மாவுக்கு அதுதான் கேட்டது.

நெல்லிக்குப்பம் மெடிக்கல்:
நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அம்மா, தயவு செய்து சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் அப்பா ராத்திரி டிசானிடின் சாப்பிடுகிறார். டிசானிடினைக் கல்லீரலில் உடைக்கிற நொதியைச் சிப்ரோ தடுத்துவிடும். உடைய வேண்டிய மருந்து உடையாமல் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, பிரஷர் கிடுகிடுவென்று இறங்கும், ஆள் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போய்விடுவார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி. கடையில் வந்து வெறும் சிப்ரோ கேட்டால், வீட்டில் டிசானிடின் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்பவர்களிடம் நான் இவ்வளவு பேசுகிறேன். சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

டிசானிடின் தொடர்ந்தால் அவ்வப்போது கல்லீரல் பரிசோதனையும் பார்க்கச் சொல்வார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுப்பி உட்கார வைக்காதீர்கள், தலை சுற்றும்.

லாஸ்பேட்டை பிசியோ:
மெடிக்கல் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

ஓ.டி. வாசி:
நான் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. உருவிவிட்டால் உடம்பு சூடேறி இளகும் என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதானே? அது எப்படித் தப்பாகும்?

லாஸ்பேட்டை பிசியோ:
தப்பென்று சொல்லமாட்டேன் அண்ணா. இளஞ்சூட்டில் எண்ணெய் போட்டு மெல்லத் தடவிவிடுவதால் அவருக்கு இதமாக இருந்தால் செய்யலாம், அது மகளின் கையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அழுத்தி உருவுவது, கையைத் தலைக்கு மேல் சுண்டுவது, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது, இது எதுவும் கூடாது. பக்கவாதம் வந்த தோளில் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் செயலிழந்திருக்கும். இழுத்தால் எலும்பு குழியை விட்டு இறங்கும், அப்புறம் அந்தத் தோள்வலி வருடக்கணக்கில் நிற்கும். உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்கிற பயிற்சியையும் இதற்காகவே வேண்டாம் என்கிறோம். புறா ரத்தம் தோலைத் தாண்டி மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போகப்போவதில்லை. ஊறிப்போன உள்ளங்கையில் பட்டால் கிருமித்தொற்றுதான் வரும். உங்கள் தெருக்காரருக்குக் கை வந்தது உண்மையாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு மீளும், அந்த நேரத்தில் எதைத் தேய்த்திருந்தாலும் அதற்குத்தான் பேர் போகும்.

ஒத்தடமும் கவனம். சூடு தெரியாத கையில் வெந்நீர்ப் பை வைத்துத் தோல் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் சோதித்துவிட்டு வையுங்கள்.

ஓ.டி. வாசி:
சரி அம்மா. அந்த ஆளை அனுப்பவில்லை.

வில்லியனூர் அம்மா:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்குப் பிறவியிலேயே மூளைவாதம், வயது 6. கால் கத்தரிக்கோல் போட்டுக்கொள்கிறது, முன்பாதத்தில்தான் நிற்கிறான். இங்கே சொல்வதெல்லாம் அவனுக்கும் பொருந்துமா?

லாஸ்பேட்டை பிசியோ:
மெல்ல அசைப்பது, வலிக்குக் காரணம் தேடுவது எல்லாம் பொருந்தும் அம்மா. ஆனால் வளருகிற பிள்ளை என்பதால் ஒன்று கூடுதல்: இறுக்கமான தசை இடுப்பு மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியிலிருந்து வெளியே தள்ளும். வலி வருகிற வரை காத்திருக்கக் கூடாது. இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தீர்கள் என்று பார்த்து, குழந்தை எலும்பு மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம் மகள்:
கல்ச்சரில் கிருமி இருந்தது. டிசானிடின் இருப்பதைச் சொல்லி வேறு ஆன்டிபயாடிக் வாங்கினோம். கால் படபடப்பு நன்றாகக் குறைந்துவிட்டது, கையும் பழைய அளவுக்கு வந்திருக்கிறது. கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். அதனால் பாக்லோஃபெனை மருத்துவர் குறைத்திருக்கிறார். இப்போது பகலில் விழித்திருக்கிறார், பேரன் பாடம் படிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கைக்கு ஒரு ஊசி இருக்கிறது, போட்டால் விரல் விரியும் என்கிறார்கள். யாராவது போட்டிருக்கிறீர்களா?

கெடிலக்கரை:
என் மனைவிக்குப் போட்டிருக்கிறோம் அம்மா. பொட்டுலினம் ஊசி. முதலில் நாங்கள் போன ஒரு தனியார் இடத்தில், போட்டால் கை பழையபடி வேலை செய்யும் என்று உறுதி சொல்லிப் பணம் கட்டச் சொன்னார்கள். போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன பயிற்சி, யாரிடம் போவது, ஒரு வார்த்தை இல்லை. கை இளகியது, சும்மாவே கிடந்தது, மூன்று நான்கு மாதத்தில் மறுபடியும் மூடிக்கொண்டது. இவ்வளவு பணம் வாங்குகிறவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு போன இடத்தில் மருத்துவர் முதலில் கேட்டது, உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான். என் மனைவி, ரவிக்கைக் கை வலிக்காமல் நுழைய வேண்டும், உள்ளங்கையை நானே கழுவிக்கொள்ள வேண்டும் என்றாள். அதற்கு எந்தெந்தத் தசை தடையோ அதில் மட்டும் ஸ்கேன் வைத்துப் பார்த்துப் போட்டார்கள். ஊசி வேலை செய்யத் தொடங்கிய வாரத்திலேயே பிசியோவும் தொடங்கியது. இப்போது முடியாத கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையைப் போட்டு, அவளே உடுத்திக்கொள்கிறாள். அந்தக் கையால் டம்ளர் பிடிக்க முடியாது, அது வரப்போவதும் இல்லை. ஆனால் காலையில் ஒருத்தர் உதவியில்லாமல் உடுத்துவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருக்கிற எனக்குத் தெரியும்.

லாஸ்பேட்டை பிசியோ:
ஐயா சொன்னதுதான் சரியான எதிர்பார்ப்பு. நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் இடத்தை அந்த ஊசி தற்காலிகமாக அடைக்கிறது. சில நாளில் தொடங்கி, ஒரு மாதத்தை ஒட்டி முழு அளவுக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். அமெரிக்காவில் பெரியவர்களின் கை இறுக்கத்துக்கு இதை 2010-இல் அனுமதித்தார்கள், காலுக்கு 2016-இல். இறுக்கம் குறைவதும் கழுவுவது, உடுத்துவது எளிதாவதும் நன்றாக நிறுவப்பட்டவை. கை மறுபடியும் வேலை செய்யும் என்பதற்கு அந்த அளவு உறுதி கிடையாது. விரலைக் கொஞ்சமாவது தானாக நீட்ட முடிகிறவர்களுக்கு, கிடைக்கிற அந்த மூன்று மாதத்தில் நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் பார்த்துச் செய்யும் பயிற்சி, நல்ல கையைக் கட்டி வைத்து மற்றதை வேலை வாங்குவது என்று முயன்றால் பலன் உண்டு. ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பணம் பிரச்சினை என்றால் ஃபீனால் ஊசி பற்றியும் கேளுங்கள். செலவு மிகக் குறைவு. சில நரம்புகளில் போட்டால் எரிச்சல் வலி வரலாம் என்பதால் ஆளும் இடமும் பார்த்துத்தான் போடுவார்கள். இரண்டு காலும் கடுமையாக இறுகியவர்களுக்கு, வயிற்றுத் தோலுக்கு அடியில் பம்ப் வைத்துத் தண்டுவடத் திரவத்துக்குள்ளேயே பாக்லோஃபென் செலுத்துவது உண்டு. உங்கள் அப்பாவுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம்.

பாகூர் சக்கரம்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இறுக்கம் முழுக்கப் போய்விட வேண்டும் என்று கேட்காதீர்கள். என் கால் விறைப்பை ஊன்றித்தான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறேன். ஒரு முறை மருந்தை ஏற்றியபோது கால் துவண்டு, மாறவே முடியவில்லை; டாக்டரிடம் சொல்லிக் குறைத்தோம்.

மஞ்சக்குப்பம் மகள்:
அப்பாவும் அந்த வலது கால் விறைப்பில்தான் கழிவறை வரை நடக்கிறார், இதை மருத்துவரிடம் சொல்கிறேன் அண்ணா. மேடம், தினமும் கையை நீட்டிப் பிடித்தால் போதுமா? எவ்வளவு நேரம்?

லாஸ்பேட்டை பிசியோ:
இதில் பூசி மெழுக விரும்பவில்லை. நீட்டிப் பிடிப்பதால் மட்டும் மூட்டு இறுகுவதைப் பெரிதாகத் தடுக்க முடிவதில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எங்கள் துறையில் பலருக்கு அது கசந்தது. அதற்காகக் கையை மடங்கிய நிலையிலேயே விட்டுவிடக் கூடாது. நாள் முழுக்க அந்தக் கை எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. படுத்தால் தோள்பட்டைக்குக் கீழேயும் கை நெடுகவும் தலையணை. உட்கார்ந்தால் முன்னால் மேசையில் கை, உள்ளங்கை கீழே பார்த்து. சாப்பிடும்போது தட்டை அந்தக் கையால் அழுத்திக்கொள்ளட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஒவ்வொரு வேளையும் பல தடவை செய்யச் சொல்லுங்கள், காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. குதிகால் தரையில் படவில்லை என்றால் கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற தாங்கி தேவையா என்று கேளுங்கள்.

நீங்கள் கடலூர் என்பதால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். அது தமிழ்நாட்டுத் திட்டம், புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. ஊசிக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பி.எம்.ஆர். என்ற மறுவாழ்வு மருத்துவத் துறையில் காட்டலாம். சிதம்பரம் பக்கம் எளிதென்றால் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரியிலும் விசாரியுங்கள்.

மஞ்சக்குப்பம் மகள்:
ஜிப்மருக்கே போகிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

லாஸ்பேட்டை பிசியோ:
எல்லா மாத்திரை அட்டையும், பக்கவாதம் வந்தபோது எடுத்த ஸ்கேன், கிரியாட்டினின், கல்லீரல் ரிப்போர்ட், கல்ச்சர் ரிப்போர்ட். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் போனில் வீடியோ. டாக்டர் முன்னால் இருக்கிற பத்து நிமிடத்தில் கை எப்படி இருக்குமோ தெரியாது. எழுந்தவுடன் ஒன்று, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, நடக்கும்போது ஒன்று, சட்டை மாட்டும்போது ஒன்று எடுங்கள். கொட்டாவி விடும்போது அந்தக் கை தானாக மேலே ஏறுகிறதா? அதையும் எடுங்கள்.

மஞ்சக்குப்பம் மகள்:
ஆமாம், ஏறுகிறது! அம்மா அதைப் பார்த்துத்தான் கை வந்துவிட்டது என்று கண்கலங்கினார்.

லாஸ்பேட்டை பிசியோ:
பக்கவாதத்தில் அது தெரிந்த ஒன்றுதான், அவர் நினைத்துத் தூக்குவது இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கூடவே, மணிக்கட்டை மடக்கிக் கையைத் திறக்கிறதை அம்மாவுக்கும் பழக்கிவிடுங்கள், நீங்கள் வெளியே போகும் நாளில் அவர் பார்த்துக்கொள்வார்.

பாகூர் சக்கரம்:
பஸ் வேண்டாம் அக்கா, நெரிசலில் யாராவது கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிடுவார்கள். கார் வைத்துக்கொள்ளுங்கள். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, இடுப்பு நன்றாகப் பின்னால் ஒட்டும்படி உட்கார வைத்து, மடியில் தலையணை வைத்து அதன் மேல் கையை வையுங்கள். காலை விறைப்பாக நீட்டிக்கொண்டால் வண்டி குலுங்கும்போதெல்லாம் உதைக்கும். முட்டி மடங்கிப் பாதம் தரையில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்ப் பதிந்துவிடுங்கள், கிளம்பும் முன் மூத்திரம் போக வைத்துவிடுங்கள்.